கடிதம் எழுத ஆளில்லாதவர்கள்

முனைவர் பட்டப் படிப்பின் வாசல்வரை எளிய வீட்டுப் பட்டதாரிகளைக் கொண்டுவந்து சேர்த்த அமெரிக்கப் பயிற்சித் திட்டங்கள் 2025-இல் இழுத்து மூடப்பட்டன. நஷ்டம் யாருக்கு?

2020 மார்ச் 3. வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டா நகரில், அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான நேஷனல் இன்ஸ்டிட்யூட்ஸ் ஆஃப் ஹெல்த் (என்.ஐ.எச்.) வளாகத்துக்குள் அதிபர் டொனால்ட் டிரம்ப் நுழைகிறார். கூடவே சுகாதார அமைச்சர், தொற்றுநோய் நிபுணர் ஆன்டனி ஃபவுச்சி, என்.ஐ.எச். இயக்குநர் ஃபிரான்சிஸ் காலின்ஸ். பின்னால் கேமராக்காரர்கள். புது வைரஸ் அமெரிக்காவுக்குள் வந்துவிட்டது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தடுப்பூசி ஆய்வகத்தில் 34 வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர், தங்கள் குழு செய்துகொண்டிருக்கும் வேலையை அதிபருக்கு விளக்குகிறார். அதிபர் உற்றுக் கேட்கிறார். அந்தப் புகைப்படம் மறுநாள் உலகமெங்கும் போனது.

அவர் பெயர் கிஸ்மெகியா கார்பெட். அடுத்த பதின்மூன்றாம் நாள், மார்ச் 16 அன்று, சியாட்டில் நகரில் முதல் தன்னார்வலரின் கையில் அந்த ஊசி இறங்கியது. வைரஸின் மரபணு வரிசை வெளியாகி இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பரில் அது மாடர்னா தடுப்பூசி என்ற பெயரில் அவசர அனுமதி பெற்று ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

கார்பெட் அந்த ஆய்வகத்துக்கு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வட கரோலினாவின் சிறிய ஊர் ஒன்றில் பள்ளிக்கூடம். பதினாறு வயதில், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கென அமெரிக்க வேதியியல் சங்கம் நடத்தும் கோடைக்காலத் திட்டத்தின் மூலம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் முதல் வேலை. பிறகு மேரிலாந்தில் மேயர்ஹாஃப் என்ற உதவித்தொகைத் திட்டத்தில் இளங்கலை. கல்லூரிக் காலத்திலேயே என்.ஐ.எச். விஞ்ஞானி பார்னி கிரஹாமின் ஆய்வகத்தில் பயிற்சி. அதன்பின் பிஎச்.டி.; அதில் எடுத்துக்கொண்டது இலங்கைக் குழந்தைகளின் உடலில் டெங்குவுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்புரதங்களை. அதற்காகக் கொழும்பில் ஓர் ஆய்வகத்திலும் இருந்திருக்கிறார். 2014-இல் பட்டம் வாங்கிக்கொண்டு, கிரஹாமிடமே திரும்பினார். இப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் பணம் போட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

அந்தப் புகைப்படத்துக்கு ஐந்து வருஷம் கழித்து, அதே அதிபரின் இரண்டாம் ஆட்சியில், அதே என்.ஐ.எச்., அப்படிப்பட்ட கதவுகளில் பலவற்றைச் சாத்தியது.

மார்க் போதாது

நம் ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, பிஎச்.டி. சேர்க்கை என்றால் ஜி.ஆர்.இ., சி.ஜி.பி.ஏ., ஆங்கிலத் தேர்வு என்றுதான் மனசில் ஓடும். உயிர்மருத்துவத் துறையில் அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2017 ஜனவரியில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்று சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்தது, மற்றது டென்னஸியின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில். தாங்கள் ஏற்கெனவே சேர்த்துக்கொண்ட மாணவர்களின் பழைய விண்ணப்பங்களை எடுத்து, அவர்கள் பின்னாளில் எப்படி வந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணுக்கும் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கும் சொல்லும்படியான தொடர்பு எதுவும் இல்லை. சேப்பல் ஹில் ஆய்வில் ஓரளவுக்குச் சரியாகச் சொன்னது ஒன்றே ஒன்று: பரிந்துரைக் கடிதம் எழுதிய பேராசிரியர்கள் கொடுத்த மதிப்பீடு.

அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் உயிர்மருத்துவ பிஎச்.டி.க்கு ஜி.ஆர்.இ. வேண்டாம் என்று தூக்கிப்போட்டன. கோச்சிங் கட்டணம் கட்ட முடியாத மாணவருக்கு நல்ல செய்திதானே என்று தோன்றும். பாதிதான் நல்ல செய்தி. தேர்வு போன இடத்தில் கடிதம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கடிதத்தை யார் எழுதுவார்கள்?

வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள், 'ஏ' கிரேடு வாங்கினாள் என்று எழுதும் கடிதத்துக்கு அங்கே எடை கிடையாது. நான்கு மாதம் பரிசோதனை சரியாக வரவில்லை, ஐந்தாம் மாதம் எங்கே பிசகு என்று அவளே கண்டுபிடித்துச் சரிசெய்தாள் என்று எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. அப்படி ஒருவர் எழுத வேண்டுமானால் அவருடைய ஆய்வகத்தில் அந்தப் பெண் மாதக்கணக்கில் நின்றிருக்க வேண்டும். இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வக வேலை பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. மாலை நேரத்தில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நின்று வாடகைக்குச் சம்பாதிக்கும் மாணவியால் அதே மாலையில் பேராசிரியரின் ஆய்வகத்தில் இலவசமாக நிற்க முடியாது. சின்னக் கல்லூரியில் படித்தால் நிற்பதற்கு ஆய்வகமே இருக்காது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உயிர்மருத்துவ பிஎச்.டி.க்கு அமெரிக்காவில் மாணவர் கைக்காசு போட்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, உதவித்தொகையும் தருவார்கள், இளங்கலை முடித்த கையோடு, எம்.எஸ்.ஸி. இல்லாமலேயே சேரலாம். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்துவிடும் இந்த மூன்று செய்தியும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன ஒருவர் காதில் நான்கு வருஷமும் விழாமலே போய்விடலாம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. சொல்ல ஆள் வேண்டும்.

ஒரு வருஷம், சம்பளத்தோடு

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் என்.ஐ.எச்.சின் பொது மருத்துவ அறிவியல் பிரிவு 2000-ஆம் ஆண்டை ஒட்டி 'பிரெப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பட்டம் வாங்கி மூன்று வருஷத்துக்குள் இருக்கும் அமெரிக்கக் குடிமக்கள் அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் இதில் சேரலாம் என்றிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மேயோ கிளினிக், பென்சில்வேனியா, டஃப்ட்ஸ் எனப் பல பெரிய நிறுவனங்கள் இதை நடத்தின. ஒரு வருஷம், சில இடங்களில் இரண்டு வருஷம், முழுநேரப் பயிற்சி. அதற்குச் சம்பளம். முக்கால் பங்கு நேரம் சொந்த ஆய்வு, மீதி நேரம் வகுப்பு, எழுத்துப் பயிற்சி, விண்ணப்பத் தயாரிப்பு.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் அந்த வருஷத்தின் நெருக்கடி புரியும். கோடையில் வந்து சேர்கிறார்கள். பிஎச்.டி. விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1. ஆக, பைப்பெட்டை ஒழுங்காகப் பிடிக்கவே சில வாரம் எடுக்கும் ஒருவர், ஐந்து மாதத்துக்குள் பேராசிரியரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, கடிதம் வாங்கும் அளவுக்கு வளர வேண்டும். நடுவில் நவம்பரில் ஒரு தேசிய மாநாடு. அங்கே சொந்த ஆய்வைச் சுவரொட்டியாக ஒட்டிவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச்வரை நேர்காணல் சீசன். ஏப்ரல் 15-க்குள் எங்கே சேர்கிறோம் என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

அந்த நேர்காணல் தனி உலகம். விமானச் சீட்டும் தங்குமிடமும் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்யும். காலையிலிருந்து நான்கைந்து பேராசிரியர்கள் தனித்தனியாக உட்கார்ந்து பேசுவார்கள். யாரும் பாடத்திலிருந்து கேள்வி கேட்பதில்லை. "உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள், நடுவில் மறித்து "அந்தக் கட்டுப்பாட்டுச் சோதனையை ஏன் அப்படி வைத்தீர்கள்?" என்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாமா, பேராசிரியர் சொன்னதை மறுத்துப் பேசலாமா, ராத்திரி விருந்தில் எதைப் பேசுவது? இதையெல்லாம் ஒத்திகை பார்த்தே அனுப்பினார்கள்.

ஆனால், அந்த வருஷத்தின் ஆகப் பெரிய பாடம் தோற்பதுதான் என்பது என் கணிப்பு. இரண்டு நாள் மெனக்கெட்டுச் செய்த, புரதங்களைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை ஒன்றுமே தெரியாத வெற்றுப் படலமாக வந்து நிற்கும். வாரக்கணக்கில் வளர்த்த செல்கள் பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும். விஞ்ஞானிகளோடு பழகி வளர்ந்தவருக்கு இது அன்றாடச் செய்தி. பள்ளியிலும் கல்லூரியிலும் முதல் மார்க் வாங்கியே பிழைத்து வந்த ஒருவருக்கோ, 'நமக்கு இது சரிப்பட்டு வராது' என்பதற்கான சாட்சியாகத் தெரியும். பக்கத்து மேஜையில் இருபது வருஷ அனுபவமுள்ளவரின் பரிசோதனையும் அதே வாரம் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்த்தவர், பிஎச்.டி. முதல் வருஷத்திலேயே மூட்டை கட்டமாட்டார்.

[பெட்டிச் செய்தி] யார் யார் பட்டியலில்?

ஆய்வுத் துறையில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாதவர்கள் என்று என்.ஐ.எச். வகுத்திருந்த பட்டியலில் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், அமெரிக்கப் பூர்வகுடிகள், அலாஸ்கா பூர்வகுடிகள், ஹவாய் மற்றும் பசிபிக் தீவுப் பூர்வகுடிகள் இருந்தனர். மாற்றுத்திறனாளிகளும் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி, வருமானம் குறைந்தவர்களுக்கான பெல் உதவித்தொகை பெற்றவர், அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர், வீடற்று இருந்தவர், கிராமப்புறத்திலிருந்து வந்தவர் போன்ற அடையாளங்களும் கணக்கில் எடுக்கப்பட்டன. அதில் எந்த நிறத்தவரும் வர முடிந்தது. இந்தியர் உள்ளிட்ட ஆசிய வம்சாவளியினர் இன அடிப்படையில் இந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அமெரிக்க ஆய்வகங்களில் நம்மவர்களுக்குப் பஞ்சமில்லையே!

பால்டிமோருக்கு வெளியே ஒரு வளாகம்

பிரெப்புக்கு முன்பே இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தவர் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி. அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் காலத்துச் சிறுவர் பேரணியில் நடந்து, பன்னிரண்டு வயதில் ஐந்து நாள் சிறையில் இருந்தவர். கணிதக்காரர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் பொறுப்புக்கு வந்தபோது, அறிவியல் சேரும் கறுப்பின மாணவர்கள் முதல் வருஷ வேதியியலிலேயே கொத்துக் கொத்தாக உதிர்வதைப் பார்த்தார். செல்வந்தர் ராபர்ட் மேயர்ஹாஃபும் அவர் மனைவி ஜேனும் பணம் கொடுக்க, 1988-இல் திட்டம் உருவானது. அடுத்த வருஷம் 19 கறுப்பின இளைஞர்களோடு முதல் வகுப்பு தொடங்கியது.

அதுவரை இம்மாதிரித் திட்டங்கள் பின்தங்கியவருக்குக் கைகொடுக்கும் டியூஷன்களாக இருந்தன. ஹ்ரபௌஸ்கி தலைகீழாகப் போட்டார். நன்றாகப் படிக்கிறவரைத் தேர்ந்தெடுத்து, இன்னும் கடினமாகப் படிக்க வைத்தார். கல்லூரி திறக்கும் முன்பே ஆறு வாரம் வளாகத்தில் தங்கிப் பயிற்சி. தனியாகப் படிக்கக் கூடாது, கூட்டாகத்தான் படிக்க வேண்டும். 'சி' வாங்கினால் அந்தப் பாடத்தைத் திரும்பப் படி. பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு. முதல் வருஷத்திலிருந்தே ஆய்வகம். எச்.ஐ.வி. வைரஸின் அமைப்பை ஆராயும் மைக்கேல் சம்மர்ஸ் போன்ற பெயர்பெற்ற விஞ்ஞானிகள் இளங்கலை மாணவர்களைத் தங்கள் மேஜைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

பலன்? திட்டத்துக்குத் தேர்வாகியும் வேறு கல்லூரிக்குப் போய்விட்ட மாணவர்களோடு ஒப்பிட்டால், இங்கே படித்தவர்கள் அறிவியல் பிஎச்.டி.க்குப் போவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. இரு தரப்பும் ஒரே தரத்து மாணவர்கள் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு அதிகம். 'ஹ்ரபௌஸ்கி என்ற தனிமனிதரின் மாயம், வேறெங்கும் நடக்காது' என்றார்கள் சிலர். 2013-இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேப்பல் ஹில்லும் அதே முறையை அப்படியே தொடங்கின. அங்கேயும் நடந்தது. 2019-இல் 'சயன்ஸ்' இதழ் அந்த முடிவுகளை வெளியிட்டது.

கார்பெட் இந்த வளாகத்தில் உருவானவர் என்று மேலே பார்த்தோம். இன்னொருவரையும் சொல்ல வேண்டும்: ஜெரோம் ஆடம்ஸ். இவரும் மேயர்ஹாஃப் மாணவர். டிரம்ப்பின் முதல் ஆட்சியில், பொது சுகாதாரத்தில் அரசின் தலைமைக் குரலான சர்ஜன் ஜெனரல்.

இது இட ஒதுக்கீடா?

தமிழ் வாசகர் மனசில் இந்தக் கேள்வி இந்நேரம் எழுந்திருக்கும். இல்லை. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கையில் இனவாரியாக இடங்களை ஒதுக்குவதை 1978-இலேயே பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. பிரெப் முடித்தவருக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒரு நாற்காலிகூட எடுத்துவைக்கப்படவில்லை. எல்லோரோடும் சேர்ந்து வரிசையில் நின்றார், கையில் ஒரு கடிதம் கூடுதலாக இருந்தது. மேயர்ஹாஃப் திட்டம் 1996-லிருந்தே எல்லா இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்டது. பக்கத்து வளாகத்தில் கறுப்பினத்தவருக்கு மட்டுமான உதவித்தொகை ஒன்று நீதிமன்றத்தில் தோற்றதைப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. வெள்ளை, ஆசிய மாணவர்கள் சேர்ந்த பிறகும் திட்டம் தன் வேலையைத் தொடர்ந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2023 ஜூன் 29-இல் ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்றது. பயிற்சித் திட்டங்களைத் திருத்தி எழுத அதன்பின் அவகாசம் இருந்தது. வருமானம், முதல் தலைமுறை, ஊர் என்று அளவுகோலை மாற்றியிருந்தாலே பெரும்பாலான மாணவர்கள் உள்ளே இருந்திருப்பார்கள். நடந்தது திருத்தமில்லை.

[பெட்டிச் செய்தி] நூலகத்தில் ஒரு சிறுவன்

1959. தென் கரோலினாவின் லேக் சிட்டி. ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவன் பொது நூலகத்தில் அறிவியல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நகர மறுத்தான். கறுப்பினத்தவருக்கு அங்கே புத்தகம் தருவதில்லை என்பதால் போலீஸ் வரவழைக்கப்பட்டது. கடைசியில் புத்தகங்களோடுதான் வீட்டுக்குப் போனான். அவன்தான் ரொனால்ட் மெக்நெயர். எம்.ஐ.டி.யில் லேசர் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கி விண்வெளி வீரரானார். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததில் இறந்த ஏழு பேரில் ஒருவர். முதல் தலைமுறை, வருமானம் குறைந்த மாணவர்களை முனைவர் பட்டத்துக்குத் தயார்செய்யும் கல்வித்துறைத் திட்டம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவரை வெளியேறச் சொன்ன நூலகக் கட்டடம் இன்று அவர் நினைவு அருங்காட்சியகம்.

2025: கோப்பு மூடப்பட்டது

2025 ஜனவரி 20, 21 தேதிகளில் பன்மைத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம் சார்ந்த திட்டங்களுக்கு எதிராக அதிபரின் ஆணைகள் வந்தன. அடுத்த சில வாரங்களில் என்.ஐ.எச். மானியங்களை ரத்து செய்யும் கடிதங்கள் பல்கலைக்கழகங்களுக்குப் போகத் தொடங்கின. உங்கள் திட்டம் எங்கள் முன்னுரிமைகளுக்கு இனிப் பொருந்தவில்லை என்பது சாரம். இளவேனிலுக்குள் பிரெப் மட்டுமின்றி, 1970-களிலிருந்து இளங்கலை மாணவர்களைத் தயார்செய்துவந்த 'மார்க்', சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பாலம் போட்ட 'பிரிட்ஜஸ்', பிஎச்.டி. மாணவர்களைத் தாங்கிய 'ஐ.எம்.எஸ்.டி.' என்று ஒரு வரிசையே முடிவுக்கு வந்தது. இனத்தின் பேரால் சிலருக்கு மட்டும் சலுகை தருவதே பாகுபாடு என்பது அரசின் வாதம்.

நீதிமன்றம் வேறு மாதிரிப் பேசியது. ஜூன் 16 அன்று பாஸ்டனில் நீதிபதி வில்லியம் யங், தன் முன்னால் வந்த மானிய ரத்துகள் சட்டப்படி செல்லாது என்றார். பாகுபாடு காட்டுவது அரசுதான் என்று கடுமையாகவே சொன்னார். ரொனால்ட் ரேகன் நியமித்த நீதிபதி அவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 21-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், பணம் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் வேறொரு நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பிவிட்டது. வழக்கறிஞர்கள் எந்த வாசலில் மனுப் போடுவது என்று விவாதித்துக்கொண்டிருக்க, கோடை முடிந்தது. ஓராண்டுத் திட்டத்துக்கு ஒரு கோடை போனால் ஒரு வகுப்பே போச்சு.

அரசைப் பார்த்துத் தனியாரும் பின்வாங்கினார்கள். பெரும் அறக்கட்டளையான ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம், இளங்கலை அறிவியல் வகுப்புகளை எல்லோருக்கும் ஏற்றதாக மாற்றக் கல்லூரிகளுக்குக் கொடுத்துவந்த 6 கோடி டாலர் திட்டத்தைப் பிப்ரவரியில் நிறுத்தியது. அரசுப் பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை: மார்ச்சில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, அந்த இலையுதிர்காலத்துக்கு உயிர்மருத்துவ பிஎச்.டி.யில் கொடுத்திருந்த சேர்க்கைகளை வாபஸ் வாங்கியது. நோபல் பெற்ற கிரேக் மெல்லோவும் விக்டர் ஆம்ப்ரோஸும் வேலை செய்யும் இடம் அது. இந்த அடி எல்லா மாணவர்கள் மேலும் விழுந்தது. ஆனால் வாசல் குறுகும்போது முதலில் வெளியே நிற்பவர் யாரென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி கேட்பவர் யார்?

சில நூறு இளைஞர்களுக்கு பிஎச்.டி. கிடைக்காமல் போனால் நாட்டுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். சிறுநீரகத்திலிருந்து தொடங்குவோம்.

ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரங்களில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 16 முதல் 21 சதவீதம்வரை கூட்டிப் போடும் ஓர் எண் 1999-லிருந்து இருந்தது. அதாவது, அதே ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் கறுப்பின நோயாளியின் சிறுநீரகம் காகிதத்தில் ஆரோக்கியமாகத் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் பெயர் தாமதமாகவே ஏறும். இருபது வருஷம் இது பாடப்புத்தகத்தில் இருந்தது. இதற்கெதிராக விடாமல் எழுதியும் பேசியும் வந்தவர்களில் முக்கியமானவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கறுப்பினச் சிறுநீரக மருத்துவர் வனெஸா கிரப்ஸ். மருத்துவ மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2021-இல் அந்த எண் நீக்கப்பட்டது. 2023-லிருந்து, இந்தச் சூத்திரத்தால் தள்ளிப்போடப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் காத்திருப்புக் காலம் திருத்திக் கொடுக்கப்பட்டது.

அடுத்தது ஆக்ஸிமீட்டர். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளிலும் வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் கருவி. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டி 'பரவாயில்லை' என்ற நோயாளிகளில், ரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது ஆபத்தான அளவுக்கு ஆக்ஸிஜன் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருநிறத் தோலில் இந்தக் கருவி தப்புக் காட்டுகிறது என்பதற்கு 1990-லும் 2005-லும்கூட ஆய்வு ஆதாரம் இருந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நம்மில் பலருடைய விரலின் நிறத்தையும் நினைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம்.

கறுப்பின விஞ்ஞானி இருந்தால்தான் இந்தக் கேள்வி வரும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தக் கேள்விக்குப் பணம் போகிறது என்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. 2011-இல் பொருளாதார நிபுணர் டோனா கின்தர் குழு 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை என்.ஐ.எச்.சையே உலுக்கியது: படிப்பு, அனுபவம், வெளியிட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்த பிறகும் கறுப்பின விண்ணப்பதாரருக்கு ஆய்வு மானியம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. 2019-இல் என்.ஐ.எச்.சுக்குள்ளிருந்தே வந்த ஆய்வு ஒரு காரணத்தைச் சொன்னது. கறுப்பின விஞ்ஞானிகள் சமூக அளவிலான நோய்கள், மக்கள்திரள் ஆரோக்கியம் போன்ற தலைப்புகளை அதிகம் எடுக்கிறார்கள். மதிப்பீட்டுக் குழுக்களில் அந்தத் தலைப்புகள் எடுபடுவதில்லை. இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்வால் மட்டும் வருவது.

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 13 சதவீதத்துக்கு மேல். என்.ஐ.எச். ஆய்வு மானியம் பெறும் விஞ்ஞானிகளில் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். அந்த இரண்டு மூன்றாவதற்கே இத்தனை திட்டங்களும் இத்தனை வருஷமும் போதவில்லை.

வாசலைத் தாண்டிய பிறகு

இந்தத் திட்டங்களைத் தூக்கிவைத்துப் பேசுவதோடு நிறுத்திவிட முடியாது. 2016-இல் கென்னத் கிப்ஸ் குழு வெளியிட்ட கணக்கு கசப்பானது. 1980-க்கும் 2013-க்கும் நடுவில், பிரதிநிதித்துவம் குறைந்த பிரிவினரில் உயிர்மருத்துவ பிஎச்.டி. வாங்கியவர்களின் எண்ணிக்கை ஒன்பது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. மருத்துவப் பள்ளிகளின் அடிப்படை அறிவியல் துறைகளில் அவர்களில் உதவிப் பேராசிரியர் ஆனவர்கள் ஏறியது 2.6 மடங்கு. ஆட்கள் இருக்கிறார்கள், வேலை கொடுக்கத்தான் துறைகள் தயாராக இல்லை. 'தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்று தேர்வுக் குழுக்கள் சொல்லும் சமாதானம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

ஆக, பயிற்சித் திட்டங்கள் மாணவரைத் திருத்தின; துறையைத் திருத்தவில்லை. பணம் எல்லாம் நுழைவாயிலில் கொட்டப்பட்டது. முதல் மானியம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கும் அந்தப் பத்து வருஷத்துக்கு ஒதுக்கியது சொற்பம். இது உண்மையான குறை. ஆனால் இந்தக் குறையைக் காட்டி யாரும் திட்டத்தை மூடவில்லை.

மூடியதன் விளைவு உடனே கண்ணில் படாது என்பதுதான் இதில் சிக்கலே. அமெரிக்காவில் உயிர்மருத்துவ பிஎச்.டி.க்கு ஐந்தாறு வருஷம், அதன்பின் நான்கைந்து வருஷம் போஸ்ட்டாக் எனப்படும் ஆய்வுப் பணி. 2025 கோடையில் பிரெப்பில் சேர்ந்திருக்க வேண்டியவர் சொந்த ஆய்வகம் தொடங்கியிருக்கக்கூடிய காலம் 2030-களின் நடுப்பகுதி. அப்போது ஒரு துறைத் தலைவர் தன் பட்டியலைப் பார்த்து, "இவர்களெல்லாம் விண்ணப்பிப்பதே இல்லையே" என்று ஆச்சரியப்படுவார். காரணம் எந்தக் கோப்பிலும் இருக்காது.

இப்போதைக்கு

சில பல்கலைக்கழகங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஓராண்டுப் பயிற்சியைத் தொடர்கின்றன; பெயரை மாற்றி, எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதி, எண்ணிக்கையைக் குறைத்து. நன்கொடையாளரும் பெரிய கையிருப்பும் உள்ள இடங்களால் இது முடிகிறது. கிராமப்புற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வசதி கிடையாது, அங்கிருந்துதான் இந்த மாணவர்கள் அதிகம் வந்தார்கள் என்றாலும். என்.ஐ.எச்.சின் வருடாந்திர நிதி சுமார் 4,700 கோடி டாலர். அதில் பிரெப்புக்குப் போனது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி. சிக்கனம் என்று இதைச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் என்.ஐ.எச். வகுத்திருந்த அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கவில்லை. ஆனாலும் பெட்ரோல் பங்க்கிலும் மோட்டலிலும் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள், வருமான அளவுகோலில் இதற்குள் வரக்கூடியவர்கள், நம்மவரிலும் உண்டு. எல்லா இந்தியரும் மென்பொருள்காரர் வீட்டுப் பிள்ளையில்லை.

பட்டம் முடித்த கையோடு கடிதமில்லாமல் நிற்கும் ஒருவருக்கு ஆலோசகர்கள் இப்போது சொல்லும் வழி ஒன்றுதான்: ஏதாவது ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலைக்குச் சேர்ந்துகொள், இரண்டு வருஷம் உழைத்தால் பேராசிரியரே கடிதம் எழுதுவார். நல்ல யோசனைதான். பழைய காலத்திலிருந்தே நடப்பதும்கூட. அந்த டெக்னீஷியனுக்குச் சம்பளம் வருவதும் பெரும்பாலும் பேராசிரியரின் என்.ஐ.எச். மானியத்திலிருந்துதான். அது வெட்டப்பட்ட ஆய்வகங்கள் முதலில் நிறுத்தியது புதிதாக ஆள் எடுப்பதை.